குலசை ராக்கெட்டுக்கு மருந்து கலக்கப் போவது யார்?

போன மாதம் இடைசெவலுக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா மகன் கோவில்பட்டியில் ஐ.டி.ஐ. பிட்டர் முடித்தவன். இப்போது நாலுவழிச் சாலையோரம் ஒரு லாரிப் பட்டறையில் நிற்கிறான். அவன்தான் கேட்டான்: "மாமா, குலசையில ராக்கெட் தளம் கட்டுறாங்கள்ல, அங்க பிட்டருக்கு ஆள் எடுப்பாங்களா?"

"பாப்போம் மாப்ள" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பதில் தெரியாதவன் சொல்கிற பதில்தான் அது. சென்னை திரும்பியபிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. இந்தப் பதிவு அவனுக்கான பதில்.

இடைசெவல் என்றதும் இலக்கியம் படிக்கும் தோழர்களுக்கு கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் நினைவுக்கு வருவார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தீப்பெட்டி ஆபீஸ் வேன். விடியுமுன்னே சாலையில் வந்து நிற்கும். என் அம்மா அதில் ஏறிப் போய்க் கட்டை அடுக்கியவர். மழை பொய்த்தால் பருத்தி போகும், உளுந்து போகும். தீப்பெட்டி ஆபீஸ் மட்டும் இருக்கும். சாத்தூர் தாண்டினால் பயர் ஆபீஸ்கள். அங்கே போனவர்களும் எங்கள் தெருவில் உண்டு. எங்கள் பக்கத்தில் எரிகிற, வெடிக்கிற எதற்கும் 'மருந்து' என்றுதான் பேர். ராக்கெட்டுக்குள் இருப்பதும் மருந்துதான். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்த விஷயத்தைச் சில தோழர்களிடம் பேசியபோது உடனே வந்த பதில்: "சோத்துக்கு வழியில்லாதவனுக்கு ராக்கெட் எதுக்கு தோழர்? மலக்குழியில இன்னும் ஆளு சாகுறான். அதைப் பேசுவோம்." கோபம் நியாயமானது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

1969 ஜூலை 15. நிலவுக்கு அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள். மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ப் அபர்நாதி, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு, கோவேறுகழுதை வண்டிகளோடு கென்னடி விண்வெளி மையத்துக்குப் போனார். நாட்டில் பசித்த குழந்தைகள் இருக்கும்போது நிலவுக்குச் செலவா என்று கேட்டார். நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து அவரோடு பேசினார். நாளை பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் அழுத்தமாட்டோம் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தக் குடும்பங்களில் சிலருக்கு ராக்கெட் கிளம்புவதைப் பக்கத்திலிருந்து பார்க்க அனுமதியும் கிடைத்தது.

எனக்கு அபர்நாதி மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் முடிவில் கிடைத்தது வேடிக்கை பார்க்க ஒரு டிக்கெட். நாம் கேட்க வேண்டியது அது இல்லை.

குலசையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்கு ராக்கெட் விட்டால் அது தெற்கே போக வேண்டும். நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வரும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு வளைய வேண்டும். பெரிய ராக்கெட் அந்த வளைவைத் தாங்கும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே எரிபொருள் போய்விடும், தூக்கிப் போகும் எடை குறையும். குலசேகரப்பட்டினம் இலங்கைக்கு மேற்கே இருக்கிறது. அங்கிருந்து நேர் தெற்கே வெறும் கடல். இதுதான் குலசையைத் தேர்ந்தெடுத்த காரணம். ஏறத்தாழ 2,233 ஏக்கர். செலவு 986 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதே நாளில் ரோகிணி என்ற சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றையும் அங்கிருந்து விட்டுக் காட்டினார்கள். முத்தாரம்மன் தசராவுக்கும் பனங்காட்டுக்கும் தேரி மணலுக்கும் பேர்போன இடம் அது. இடைசெவலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

அங்கே வரப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டும், தனியார் ராக்கெட்டுகளும். எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர் உயரம், 120 டன். 500 கிலோ செயற்கைக்கோளை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். மூன்று அடுக்கும் திட எரிபொருள். இது உருவாகிக்கொண்டிருந்தபோதே இஸ்ரோ தரப்பில் பெருமையோடு ஒரு கணக்குச் சொன்னார்கள்: பி.எஸ்.எல்.வி.யைக் கோத்து நிறுத்த 60 பேர், 70 நாள். இதற்கு 6 பேர், 3 நாள் போதும்.

தோழர்களே, அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். பொறியாளருக்கு அது சாதனை. பிட்டர் முடித்தவனுக்கு அது வேறு செய்தி.

தனியார் பக்கம் வருவோம். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் முளைத்த நிறுவனம் அக்னிகுல் காஸ்மோஸ். ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயின் எஸ்.பி.எம்.மும், பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தியின் துணையோடு 2017இல் தொடங்கினார்கள். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தாங்களே அமைத்துக்கொண்ட ஏவுமேடையிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டை விட்டார்கள். சுற்றுப்பாதைக்குப் போகாத, கொஞ்ச தூரம் ஏறி இறங்குகிற சோதனை அது. அதன் எஞ்சின்தான் விசேஷம். மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் எஞ்சினை, உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கி, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக எடுக்கிறார்கள். சாதாரணமாக ஒரு ராக்கெட் எஞ்சினில் நூற்றுக்கணக்கான துண்டுகள் உண்டு. கடைய வேண்டும், துளைக்க வேண்டும், வெல்டு வைக்க வேண்டும், ஒவ்வொரு வெல்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இவர்கள் எஞ்சினில் வெல்டே கிடையாது. அவர்கள் செய்ய நினைக்கும் முழு ராக்கெட் அக்னிபாண். 300 கிலோவரை 700 கிலோமீட்டர் உயரத்துக்கு. வாடிக்கையாளர் கொண்டுவரும் எடைக்கேற்ப அடியில் எஞ்சின்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கலாம் என்கிறார்கள். ஹைதராபாத்தில் ஸ்கைரூட் நிறுவனம் 2022 நவம்பர் 18 அன்றே ஒரு சோதனை ராக்கெட்டை விட்டுவிட்டது.

இந்த இளைஞர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. வெல்டு இல்லாத எஞ்சின் என்பது அழகான யோசனை. துண்டு குறைந்தால் தவறு குறையும், காசு குறையும், மாதக்கணக்கு வாரக்கணக்காகும். நான் கேட்பது வேறு. ஒரு ராக்கெட்டை வரைபலகையில் வடிவமைக்கும்போதே அதைச் செய்ய யார் தேவை, யார் தேவையில்லை என்பதும் முடிவாகிவிடுகிறது. விண்வெளித் துறைக்குள் நம் பிள்ளைகள் நுழைந்த வாசல் பெரும்பாலும் பட்டறை வாசல்தான்: வெல்டர், பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட். அந்த வாசல் வடிவமைப்பிலேயே சுருங்குகிறது. அகலமாகத் திறப்பது இன்னொரு வாசல்: கணினியில் வரைகிறவர், எரிதலைக் கணக்கிடுகிறவர், மென்பொருள் எழுதுகிறவர். அந்த வாசலில் யார் நிற்கிறார்கள்?

மகேந்திரகிரியில், நம் பக்கத்திலேயே, இஸ்ரோவின் எஞ்சின் சோதனை வளாகம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கே. சிவன் கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகன், அரசுப் பள்ளியில் படித்தவர். வி. நாராயணனும் அதே மாவட்டத்துக் கிராமத்தவர். இருவரும் இஸ்ரோ தலைவர் ஆனார்கள். பத்திரிகைகள் இதை 'உழைத்தால் உயரலாம்' கதையாக எழுதும். விட்டுப்போவது ஒன்று: அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி, நாளிதழில் வந்த விளம்பரம், எல்லோரும் விண்ணப்பிக்கக்கூடிய தேர்வு. உழைப்பு மேலே ஏற ஒரு பொது ஏணி இருந்தது.

அந்த ஏணியிலும் நமக்கு மேல் படிகள் எடுக்கப்பட்டிருந்தன என்பது இளம் தோழர்கள் பலருக்குத் தெரியாது. குரூப் 'ஏ' பணியின் அடிப்படி வரைக்கும் இடஒதுக்கீடு உண்டு. அதற்கு மேலே, ஆராய்ச்சி செய்கிற, ஆராய்ச்சியை வழிநடத்துகிற அறிவியல் தொழில்நுட்பப் பதவிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு. இது 1975 ஜூனில் ஒன்றிய அரசு போட்ட ஆணை. அடுத்தது, மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான 2006 சட்டமும், ஆசிரியர் பணிக்கான 2019 சட்டமும். இரண்டிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. 'உயர்சிறப்பு நிறுவனங்கள்' என்று எட்டு பேர். இவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. அந்த எட்டில் மூன்று விண்வெளித் துறையைச் சேர்ந்தவை: அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம், திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் கூடம், டேராடூன் தொலையுணர்வு நிறுவனம். வானத்துக்குப் பக்கத்தில் போகப் போக நம் பெயர் அடிக்கப்படுகிறது.

உடனே 'தகுதி' என்பார்கள். 'ராக்கெட் விளையாட்டு இல்லை, ஒரு தவறு நடந்தால் எல்லாம் போச்சு' என்பார்கள். சரி. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.3 கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் பறந்தது. எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம், 2022 ஆகஸ்ட் 7, தோற்றது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது வந்த அதிர்வில் உணர்கருவிகள் குழம்பி, செயற்கைக்கோள்கள் தவறான பாதையில் போய் விழுந்தன. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, சரிசெய்து விட்டார்கள். அக்னிகுல் ராக்கெட்டும் பலமுறை கடைசி நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுத்தான் கிளம்பியது. இதிலெல்லாம் தவறே இல்லை. ராக்கெட் அப்படித்தான் வளரும். ஆனால் யாருடைய தோல்வி 'அனுபவம்' என்று கணக்காகிறது? நம் பிள்ளை ஒரு அரியர் வைத்தால் 'கோட்டா'. அவர்கள் ராக்கெட் கடலில் விழுந்தால் 'கற்றல்'. விழுந்து எழ அவகாசம் கிடைப்பதுதான் தகுதியின் முதல் படி, அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் சாதி இருக்கிறது.

2022இல் தோற்ற அந்த ராக்கெட்டில் ஆசாதிசாட் என்ற குட்டிச் செயற்கைக்கோள் இருந்தது. நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் படிக்கும் 750 மாணவிகள் பங்கெடுத்துச் செய்தது. நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. 2023 பயணத்தில் அதன் இரண்டாம் பதிப்பு வெற்றிகரமாகப் போனது. அந்தப் பிள்ளைகள் இப்போது கல்லூரியில் இருக்கும் வயது. அவர்களில் எத்தனை பேர் விண்வெளிப் பொறியியல் படிக்கிறார்கள் என்று யாராவது பின்தொடர்ந்து போய்க் கேட்டிருந்தால், படம் எடுத்ததற்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

இப்போது ஏணியே இடம் மாறுகிறது. 2020இல் இன்ஸ்பேஸ் என்ற அமைப்பை உண்டாக்கி விண்வெளியைத் தனியாருக்குத் திறந்தார்கள். 2023இல் கொள்கை வந்தது. 2024இல் ஏவுவாகனங்களில் 49 சதவீதம் வரை அந்நிய முதலீடு நேரடியாக வரலாம் என்றானது. அதே ஆண்டு விண்வெளிப் புதுநிறுவனங்களுக்கு 1,000 கோடி ரூபாய் நிதிக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசும் விண்வெளித் தொழில் கொள்கை கொண்டுவந்தது: ஐந்தாண்டில் 10,000 கோடி முதலீடு, 10,000 வேலை என்று இலக்கு. சில வகை நிறுவனங்களுக்குச் சம்பளச் செலவில் ஒரு பங்கை அரசே தரும் ஊக்கத்தொகையும் அதில் இருக்கிறது.

தனியார் என்கிறார்கள். நிலம் யாருடையது? சோதனைக்கூடம் யாருடையது? ஐ.ஐ.டி. யாருடையது? ஏவுதளம் யாருடையது? இவ்வளவும் பொதுச் சொத்து; வேலை கொடுக்கும்போது மட்டும் தனிச் சொத்து. அரசமைப்பின் 16(4) அரசுப் பணிக்குத்தான் பொருந்தும் என்பதால் அங்கே இடஒதுக்கீடு கிடையாது. பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்களிடம் செபி வாங்கும் அறிக்கையில் ஊழியர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, மாற்றுத்திறனாளர் எத்தனை என்று கேட்கிறார்கள். சாதிக்குக் கட்டமே இல்லை. ராக்கெட் புதுநிறுவனங்கள் அந்தச் சந்தைக்கே இன்னும் வரவில்லை. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் கைமாறியபோது அதோடு போன இடங்களை நாம் பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். இந்த முறை விதிகள் எழுதப்படும்போதே போய் நிற்க வேண்டும்.

இதில் நமக்கு முன்னோடி வேறெங்கும் இல்லை, அண்ணல்தான். 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் சேர்ந்த கையோடு அவர் கொடுத்த நீண்ட மனுவை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். நம் மாணவர்கள் வெளிநாட்டில் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க அரசு உதவித்தொகை கேட்டார். அதோடு நிற்கவில்லை, பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் நம்மவர்களுக்கு இடமே இல்லை என்பதையும் அதே மனுவில் எழுதினார். அடுத்த ஆண்டு ஒன்றியப் பணிகளில் 8.33 சதவீத ஒதுக்கீடு வந்தது. வேலை, படிப்பு, ஒப்பந்தம் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டவர் அவர். நாம் முதலாவதோடு நின்றுவிட்டோம்.

சரி, மாப்பிள்ளைக்கு என்ன பதில்? சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற சில பிடிகள் இருக்கின்றன. எனக்கே தாமதமாகத்தான் தெரியும்.

1961 தொழில்பழகுநர் சட்டம், பிரிவு 3ஏ. பயிற்சி இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு செய்யச் சொல்கிறது. இது தனியார் முதலாளிக்கும் பொருந்தும்! 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். பிட்டர், வெல்டர், மெஷினிஸ்ட் எல்லாம் அதில் வரும் தொழில்கள்தான். தனியாரில் இடஒதுக்கீடே இல்லை என்று மேடையில் பேசிக்கொண்டிருக்கிறோம். அறுபது வருடத்துச் சட்டத்தில் ஒரு சின்னக் கதவு திறந்தே கிடக்கிறது, யாரும் தட்டவில்லை. முப்பரிமாண அச்சு இயந்திரத்தை ஓட்டுவது மந்திரம் இல்லை. பிட்டர் முடித்தவனுக்குப் பழக்கினால் வரும். பழக்கும் இடத்தில் அவனுக்குச் சட்டப்படி பங்கு உண்டு.

இரண்டாவது, எஸ்.எஸ்.எல்.வி. யாருக்குப் போகிறது என்பது. 2025 ஜூனில் 511 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அந்தத் தொழில்நுட்பத்தைப் பெற்றது எச்.ஏ.எல். அது பொதுத்துறை நிறுவனம். ஏலத்தில் வேறு யாராவது ஜெயித்திருந்தால் கதை வேறு. எச்.ஏ.எல். என்பதால் நிரந்தரப் பணிகளில் இடஒதுக்கீடு பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயரில் அதைக் கரைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. 2012 பொதுக் கொள்முதல் ஆணைப்படி, ஒன்றியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து 25 சதவீதம் வாங்க வேண்டும், அதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து. ராக்கெட் என்பது ஆயிரம் உதிரிகள். ஒரு போல்ட்டும் பிராக்கெட்டும் கடைந்து கொடுக்கிற பட்டறை நம்மவருடையதாக இருக்கக் கூடாதா?

மூன்றாவது, தமிழ்நாடு அரசின் சம்பள ஊக்கத்தொகை. நம் வரிப்பணத்தில் சம்பளம் கொடுக்கும்போது 'யாருக்கு' என்று கேட்க அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. ஆணையில் ஒரு நிபந்தனை போதும். சமூகநீதி அரசு என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் இதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

மருந்துக்கு வருகிறேன். எஸ்.எஸ்.எல்.வி.யின் திட எரிபொருளில் அம்மோனியம் பெர்குளோரேட், பிணைக்கிற ஒரு ரப்பர், கூடவே அலுமினியத் தூள். சாத்தூர் பக்கத்துப் பயர் ஆபீசில் வெடியுப்பு, கந்தகம், கூடவே அதே அலுமினியத் தூள். ஒரு இடத்தில் கலக்கும்போது ஆட்கள் தள்ளி நிற்பார்கள், இயந்திரம் கலக்கும், தூரத்திலிருந்து இயக்குவார்கள். அப்படியிருந்தும் 2004 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் பிரிவு வெடித்து 6 பேர் இறந்தார்கள். இன்னொரு இடத்தில் கையால் கலக்குவார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ வெடிப்புகள். ஒரே தூள். ஒருவருக்கு விஞ்ஞானி என்று பேர், இன்னொருவருக்குக் கூலி என்று பேர். கரிசல்காட்டு மனிதர்களுக்கு மருந்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வெயிலில் எது பற்றும், எந்த உரசலில் எது வெடிக்கும் என்பது எங்கள் அம்மாக்களின் விரல்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்குச் சான்றிதழும் பாதுகாப்பும் சம்பளமும் இன்னும் வரவில்லை.

நேற்று மாப்பிள்ளையிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். தகவல் உரிமை மனு மூன்று எழுதலாம் என்று முடிவு. ஒன்று வேலைவாய்ப்பு, பயிற்சித் துறைக்கு: தமிழ்நாட்டில் விண்வெளி நிறுவனங்கள் எத்தனை பழகுநர்களை எடுத்திருக்கின்றன, 3ஏ பிரிவின்படி எத்தனை பேர்? இரண்டு டிட்கோவுக்கு: ஊக்கத்தொகைக்கான நிபந்தனைகள் என்ன? மூன்று எச்.ஏ.எல்.லுக்கு: எஸ்.எஸ்.எல்.வி. பணிக்கு எத்தனை நிரந்தர இடம், எத்தனை ஒப்பந்த இடம், 4 சதவீதக் கொள்முதல் எவ்வளவு?

அவன் நாலாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னான். "மருந்து கலக்குற இடத்துல வேலை பாக்குறவங்க நிரந்தரமா, கான்ட்ராக்டான்னு கேளுங்க மாமா." சேர்த்துவிட்டேன். முதல் இரண்டுக்கும் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், மூன்றாவதுக்குப் போஸ்டல் ஆர்டர். திங்கட்கிழமை கோவில்பட்டித் தபால் ஆபீசில் போடுகிறான். உங்கள் ஊரிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு மனுவின் மாதிரியை அனுப்பித் தருகிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

ஜெய் பீம்.